பழைய பிஎச்பி சொல்லாமல் விட்டவை

கல்வியாண்டின் நடுவில் ஒரு சுற்றறிக்கை வரும். பல்கலைக்கழகக் கணினி மையம் அனுப்பும் அந்த ஒற்றைப் பக்கத் தாளில், வழங்கியிலுள்ள பிஎச்பி 7.4 இம்மாத இறுதியில் நீக்கப்படும் என்றும், துறைகள் தத்தம் தளங்களைப் புதிய பதிப்புக்கு ஏற்பச் சீரமைத்துக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கும். துறைத்தலைவர் அதன்மேல் 'ஆவன செய்க' என்று குறித்து அலுவலகத்துக்கு அனுப்புவார். அலுவலகத்தில் அதைச் செய்ய ஆளில்லை. 'கணினி தெரிந்தவர்' என்று பெயரெடுத்துவிட்ட ஏதோ ஓர் ஆய்வு மாணவரின் மேசைக்கே அது இறுதியில் வந்து சேரும். பிஎச்டிக்கும் பிஎச்பிக்கும் ஓரெழுத்துதானே வேறுபாடு என்று யாரேனும் சிரிக்கவும் செய்வார்கள்.

அன்றிரவு விடுதி அறையில் அந்த மாணவர் தம் மடிக்கணினியில் எக்ஸாம்ப் தொகுப்பின் புதிய பதிப்பை நிறுவுகிறார். துறையின் கள ஆய்வுத் தரவுத்தளத்தை அதில் ஏற்றி, உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் முகவரியைத் தட்டுகிறார். நேற்று வரை அமைதியாக அட்டவணை காட்டிய பக்கத்தில் இப்போது எச்சரிக்கைகள் வரிசை கட்டி நிற்கின்றன. வரையறுக்கப்படாத மாறி, இல்லாத அணித் திறவுகோல், கைவிடப்படவிருக்கும் சார்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக. அடுத்த ஐந்து நிமிடத்தில் அவர் இணையத்தில் தேடுவது ஒன்றே ஒன்று: இவற்றைத் திரையில் காட்டாமல் நிறுத்துவது எப்படி? விடை ஒரே வரி. அதை நிரலின் தலையில் சேர்த்ததும் திரை துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடுகிறது. மறுநாள் காலை துறைத்தலைவருக்கு 'பணி முடிந்தது' என்று தகவல் போகிறது.

இந்திய உயர்கல்வி நிறுவனங்களில் பதிப்பு உயர்வு என்பது பெரும்பாலும் இப்படித்தான் நடந்து முடிகிறது. மின்கம்பி மாற்றுவது போன்ற ஒரு பராமரிப்பு வேலையாக அது கருதப்படுவதால், அதில் ஆய்வுப் பொறுப்பு ஏதும் இருப்பதாக எவரும் எண்ணுவதில்லை. ஆனால் அந்தத் திரையில் தோன்றிய எச்சரிக்கைப் பட்டியல், பல ஆண்டுகளாக எந்த மதிப்பீட்டாளரும் திறந்து பார்க்காத நிரலுக்கு முதன்முதலாகக் கிடைத்த மதிப்பீட்டறிக்கை. அதைப் படிக்காமலே கிழித்துப்போட ஒரு வரி போதுமாக இருக்கிறது.

எந்தத் தரவுத்தளங்களைப் பற்றிய பேச்சு இது என்பதைத் தெளிவாக்கிவிடுவது நல்லது. ஷோத்கங்கா போன்ற பெருங்களஞ்சியம் ஜாவாவில் எழுதப்பட்ட டிஸ்பேஸ் மென்பொருளில் இயங்குகிறது. அதைக் கவனிக்க இன்ஃப்ளிப்நெட் மையம் இருக்கிறது. பிஎச்பியில் இயங்குபவற்றுள்ளும் ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ், மூடில், வேர்ட்பிரஸ், துருபல், ஒமேகா ஆகியவற்றுக்கு உலகெங்கும் பராமரிப்போர் உண்டு. எந்தப் பதிப்பு எந்த பிஎச்பியில் ஓடும் என்று அவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். அந்த அட்டவணையைப் பார்த்து நடந்தால் போதும். கவலைக்குரியவை வேறு. கிளைமொழிச் சொற்களைச் சேகரிக்க ஒரு மொழியியல் துறை எழுதிக்கொண்ட உள்ளீட்டுப் படிவம், வீட்டுக் கணக்கெடுப்புக்காக ஒரு சமூகவியல் ஆய்வாளர் பயிற்சிப் பாடத்தைப் பார்த்து எழுதிய நிரல், கல்வெட்டுகளின் பட்டியலுக்காக ஒரு எம்சிஏ மாணவர் ஆறு மாதத் திட்டப்பணியாக முடித்துக் கொடுத்துவிட்டுப் போன தளம் முதலியவை. இவற்றை எழுதியவர் இப்போது பெங்களூரிலோ புனேயிலோ வேலையில் இருப்பார். நிரலில் குறிப்புரை ஒரு வரியும் இராது. ஆயினும் அத்தளத்திலிருந்து எடுத்த எண்கள் கட்டுரைகளிலும் ஆய்வேடுகளிலும் அச்சேறியிருக்கும்.

பிஎச்பி பிறந்த கதையே இந்நிலையைப் பாதி விளக்கிவிடும். ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1994இல் தம் தன்விவரப் பக்கத்தை யாரெல்லாம் பார்க்கிறார்கள் என்று அறிந்துகொள்ள எழுதிய சிறு கருவிகளே அதன் மூலம். 1995இல் அவற்றை அவர் பொதுவில் வெளியிட்டபோது சொந்த முகப்புப் பக்கத்துக்கான கருவிகள் என்ற பொருளில்தான் பெயரும் இட்டார். கணினியியல் பயிலாதவரும் ஒரே மாலையில் ஒரு படிவத்தை இயங்க வைத்துவிடலாம் என்பதே அதன் பெருமை. அதற்கு அது கொடுத்த விலை, எழுதுபவரின் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும் குணம். மாறியை வரையறுக்காமல் பயன்படுத்தினால் வெற்றாக எடுத்துக்கொள்ளும். எண்ணையும் சொல்லையும் ஒப்பிடச் சொன்னால் எதையாவது செய்து ஒப்பிட்டுவிடும். முகப்புப் பக்கத்துக்கு அது போதும். ஆய்வுத் தரவு அந்தப் பொறுமையின்மேல் எழுப்பப்பட்டதுதான் சிக்கல். 2015 டிசம்பரில் வந்த 7.0இலும், அதைவிடக் கூடுதலாக 2020 நவம்பரில் வந்த 8.0இலும் அம்மொழி தன் பழைய பொறுமையைப் படிப்படியாகக் கைவிட்டது.

கணினி மையம் கேட்பதில் தவறில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 5.6 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31உடன் நின்றன. 7.4க்கு 2022 நவம்பர் 28, 8.1க்கு 2025 டிசம்பர் 31. அந்நாள்களுக்குப் பிறகு கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்க மொழியை உருவாக்குவோர் முன்வருவதில்லை. அத்தகைய பதிப்பைப் பொது வலையில் திறந்து வைத்திருப்பது, தகவல் தந்தவர்களின் பெயர், சாதி, வருமானம் அடங்கிய படிவங்களை வாசல் திண்ணையில் விட்டுவைப்பதற்குச் சமம். ஆக, மாற்றம் வேண்டுமா என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. மாற்றும்போது எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

ஓர் எடுத்துக்காட்டை விரிவாகவே பார்க்கலாம். 400 வீடுகளில் நடந்த ஒரு கணக்கெடுப்பு என்று கொள்வோம்; எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. 'மாடுகளின் எண்ணிக்கை' என்ற கட்டம் தரவுத்தளத்தில் உரைப் புலமாக வைக்கப்பட்டிருக்கிறது. பயிற்சிப் பாடங்களைப் பார்த்து எழுதியவர்கள் பெரும்பாலும் எல்லாவற்றையும் உரைப் புலமாகவே வைப்பார்கள். 120 வீடுகளுக்குப் பூச்சியம் என்று பதிவாகியிருக்கிறது. 30 வீடுகளுக்குக் கட்டம் காலி. 25 வீடுகளுக்குக் களப்பணியாளர் 'தெரியாது' என்று தட்டியிருக்கிறார். 15 வீடுகளுக்கு அந்தக் கேள்வியே கேட்கப்படவில்லை. ஆதலால் அங்கே 'நல்' என்னும் இன்மைக் குறி நிற்கிறது. (தமிழ் எழுத்தில் அது நல்லது போலத் தோற்றமளிப்பது வேடிக்கைதான்.) மாடு இல்லாத வீடுகளை எண்ணும் நிரல் வரி, அப்புலத்தின் மதிப்பை இரட்டைச் சமக்குறியால் 0 என்ற எண்ணோடு ஒப்பிடுகிறது.

பிஎச்பி 7.4 என்ன செய்யும்? சொல்லையும் எண்ணையும் ஒப்பிடும்போது சொல்லை எண்ணாக மாற்றிவிடும். 'தெரியாது' என்ற சொல்லில் எண் இல்லை. எனவே அது 0. காலிக் கட்டமும் 0. இன்மைக் குறியும் 0க்குச் சமமாகவே கொள்ளப்படும். மாடு இல்லாத வீடுகள் 190, அதாவது 47.5 விழுக்காடு. கட்டுரையில் அச்சானது இந்த எண்தான்.

8.0இல் விதி மாறிவிட்டது. எண்ணாகப் படிக்க இயலாத சொல்லை எண்ணோடு ஒப்பிட நேர்ந்தால், இப்போது எண்ணைச் சொல்லாக மாற்றியே மொழி ஒப்பிடுகிறது. 'தெரியாது' என்பது '0' ஆகாது; காலியும் '0' ஆகாது. 55 வீடுகள் ஒரே இரவில் பட்டியலிலிருந்து விழுந்துவிட, எண்ணிக்கை 135 ஆகிறது; 33.75 விழுக்காடு. இதில் எந்த எச்சரிக்கையும் திரையில் வராது என்பதை அடிக்கோடிட்டுக் கொள்ள வேண்டும். முந்தைய விதி போய்ப் புதிய விதி வந்தது, அவ்வளவே. அட்டவணை முன்போலவே அழகாகத் தோன்றும்.

புதிய பதிப்பு உண்மையைச் சொல்லிவிட்டது என்றும் மகிழ்ந்துவிட முடியாது. இன்மைக் குறி 8.0இலும் 0க்குச் சமம்தான். கேள்வியே கேட்கப்படாத 15 வீடுகள் இன்னமும் மாடில்லாத வீடுகளாகத்தான் எண்ணப்படுகின்றன. விடை தெளிவாகத் தெரிந்தவை 330 வீடுகள். அவற்றுள் மாடில்லாதவை 120. 36 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஒரே தரவு, ஒரே நிரல் வரி. பழைய பதிப்பு ஒன்று சொல்கிறது, புதிய பதிப்பு வேறொன்று சொல்கிறது, இரண்டுமே தவறு. பதிப்பு மாறியதால்தான் முதல் தவறே கண்ணில் பட்டது. அதுவும் இரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க யாரேனும் முனைந்திருந்தால்.

சுவடிப் பதிப்பில் தோய்ந்தவர்களுக்கு இந்நிலை புதிதன்று. இரண்டு ஏடுகள் வேறுபட்டால், பிந்திய ஏடு என்பதற்காகவே அதன் பாடத்தை ஏற்றுக்கொண்டு மற்றதை மறைத்துவிடும் பதிப்பாசிரியரை எவரும் மதிக்க மாட்டார்கள். பாடபேதத்தைக் குறித்து வைப்பதும், அது எவ்வாறு நேர்ந்தது என்று ஆராய்வதும்தான் பதிப்பு நெறி. நிரல்மொழியின் இரு பதிப்புகள் தரும் இரு விடைகளும் பாடபேதங்களே. இலக்கியத் துறையில் இம்மியளவும் விட்டுக்கொடுக்காத பேராசிரியர்கள்கூட, தம் துறைத் தளத்தின் விடை மாறியபோது கேட்பது 'இப்போது சரியாக ஓடுகிறதா?' என்ற கேள்வியை மட்டுமே.

எண்கள் மாறுவதாவது பிற்பாடு கண்டுபிடிக்கக்கூடியது. பதிவாகாமலே போனவற்றை என்ன செய்வது? கொங்கணக் கரையிலோ மங்களூர் வட்டாரத்திலோ ஒரு கணக்கெடுப்பு நடக்கிறது. குடும்பத் தலைவர் பெயர் ஆங்கில எழுத்தில் உள்ளிடப்படுகிறது. டி'சோசா, டி'சில்வா, டி'மெல்லோ என்று மேற்கோள் குறியோடு கூடிய பெயர்கள் அங்கே வீட்டுக்கு வீடு உண்டு. பெயரை நேரடியாக எஸ்கியூஎல் தொடருக்குள் ஒட்டி எழுதிய நிரலில் அந்த ஒற்றைக் குறி தொடரை நடுவில் முறித்துவிடும்; பதிவு உள்ளே போகாது. பழைய பிஎச்பியில் 'மேஜிக் கோட்ஸ்' என்றோர் ஏற்பாடு இருந்தது. அது இயக்கத்தில் இருந்தால், படிவத்திலிருந்து வரும் மேற்கோள் குறிகளுக்கு முன்னால் தானாகவே ஒரு சாய்கோட்டைச் சேர்த்துவிடும். எழுதியவர் அறியாமலே அவரைக் காப்பாற்றும். 2012இல் வந்த 5.4 அதை அடியோடு நீக்கியது. அந்த ஏற்பாட்டை நம்பி ஓடிய நிரலைச் சோதிக்காமல் உயர்த்திய இடங்களில், அன்று முதல் டி'சோசாக்கள் தரவுத்தளத்துக்குள் நுழைய முடியாமல் போயிருப்பார்கள். தரவுத்தளம் பிழையென்று திருப்பியதை மைஎஸ்கியூஎல் இணைப்புச் சார்புகள் 'பொய்' என்ற ஒரு மதிப்பாக மட்டும் நிரலிடம் தந்தன. நிரல் அதைச் சோதிக்கவில்லை. 'பதிவு செய்யப்பட்டது, நன்றி' என்று அடுத்த வரியில் அச்சிட்டது. ஒரு சமயப் பிரிவினர் குறைவாகத் தெரிவதற்கு மக்கள்தொகை காரணமா, ஒரு மேற்கோள் குறி காரணமா என்பதை அந்தக் கட்டுரையைப் படிப்பவர் எவ்வாறு அறிவார்?

8.1இல் இது மாறியது. மைஎஸ்கியூஎல்ஐ என்னும் மேம்பட்ட இணைப்பு நீட்சி, தரவுத்தளம் பிழை சொன்னால் இப்போது இயல்பாகவே விதிவிலக்கை எழுப்பி நிரலை நிறுத்திவிடுகிறது. பக்கம் உடைந்து நிற்கிறது. 'புதிய பதிப்பில் தளம் வேலை செய்யவில்லை' என்று புகார் வருகிறது. இவ்வாறு உடைவது பத்தாண்டுகளாக நடந்த ஒரு விடுபடலுக்குக் கிடைத்த முதல் சான்று. அதை மௌனமாக்கும் பழைய நிலைக்குத் திருப்பிவிட ஒரு வரி உண்டு. அதையும் இணையம் எளிதாகச் சொல்லித் தருகிறது. திருத்தப்பட வேண்டியது அந்த ஒட்டு வேலை. மதிப்புகளைத் தொடருக்குள் ஒட்டாமல் தனியே அனுப்பும் முன்தயாரித்த கூற்று முறைக்கு நிரலை மாற்றினால் டி'சோசாக்களும் உள்ளே வருவார்கள், வழங்கியில் ஊடுருவ முயல்வோரின் ஒரு பெரிய வாயிலும் அடைபடும்.

இந்திய மொழித் தரவுகளைக் கையாள்வோருக்கு வேறொரு தொல்லை இருக்கிறது. அது மொழியின் விதிகளில் இல்லை. அமைப்புக் கோப்பில் இருக்கிறது. எக்ஸாம்ப் தொகுப்பில் பிஎச்பி கோப்புறையை மட்டும் புதியதாக மாற்றுபவர்கள், பழைய பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பில் யாரோ என்றோ செய்துவைத்த மாற்றங்களை இழந்துவிடுகிறார்கள். புதிய கோப்புறையில் மாதிரி அமைப்புக் கோப்புகள் மட்டுமே வரும். நீட்சிகள் பெரும்பாலும் முடக்கப்பட்டிருக்கும். 'அம்மா' என்ற சொல்லின் நீளத்தை அளக்கும் நிரலைப் பாருங்கள். சாதாரண நீளச் சார்பு எண்பிட்டுகளை எண்ணி 15 என்று சொல்லும். பல்பைட் நீட்சியின் சார்பு ஒருங்குறிக் குறியீடுகளை எண்ணி 5 என்று சொல்லும். பன்னாட்டு நீட்சியான 'இன்டல்' தரும் சார்பு மட்டுமே, தமிழர் எண்ணுவது போல, 3 என்று சொல்லும். அந்த நீட்சி புதிய அமைப்பில் முடங்கியிருந்தால் பக்கம் பிழை காட்டும். அவசரத்தில் இருப்பவர் கிடைக்கிற பல்பைட் சார்பை அதன் இடத்தில் போட்டுப் பிழையைப் போக்கிவிடுவார். சொல் நீளம் பற்றிய ஓர் அதிகாரம் முழுவதும் அந்த நொடியில் பொய்யாகிவிடும். இந்தி, வங்காளம், மலையாளம் எதற்கும் விலக்கில்லை.

2005ஐ ஒட்டித் தொடங்கி, ஒருங்குறியை மொழியின் உள்ளேயே வைக்க முயன்ற பிஎச்பி 6 என்ற திட்டம் ஒன்று இருந்தது. அது 2010இல் கைவிடப்பட்டது. ஆகவேதான் 5க்குப் பின் 7 வந்தது. அது நிறைவேறியிருந்தால் இந்திய மொழி ஆய்வாளர்களின் பாடு ஓரளவு குறைந்திருக்கும்.

சிறிய செய்தியாயினும் நேரத்தையும் குறிப்பிட வேண்டும். எக்ஸாம்ப் தொகுப்பின் அமைப்புக் கோப்பில் நேர வலயம் பெர்லின் என்று இருக்கும். அதை எவரும் மாற்றியிராவிட்டால், களப்பணியாளர் அதிகாலை மூன்று மணிக்கு உள்ளிட்ட பதிவு முந்தைய நாள் தேதியில் நிற்கும். கோடையில் மூன்றரை மணி, குளிரில் நாலரை மணி என்று வேறுபாடும் நிலையானதன்று. வலயமே குறிக்கப்படாத புதிய அமைப்புக் கோப்புக்கு மாறினால் பன்னாட்டுப் பொதுநேரம். இப்போது ஐந்தரை மணி வேறுபாடு. நாட்குறிப்பு முறையில் தரவு சேர்ப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். சொல் அடைவு செய்வோர் கவனிக்க வேண்டிய மாற்றமும் ஒன்று உண்டு: சம எண்ணிக்கையுள்ள சொற்கள் வரிசைப்படுத்தலில் எந்த முறையில் நிற்கும் என்பதற்கு 8.0க்கு முன் உறுதி இல்லை, இப்போது உண்டு. 'மிகுதியாக வரும் நூறு சொற்கள்' என்ற பட்டியலின் வால்பகுதி மாறினால் திகைக்க வேண்டாம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, பழைய பதிப்பையே உறையவைத்துவிட்டால் என்ன என்று கேட்போர் உண்டு. அவர்களுடைய வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஓர் ஆய்வின் முடிவைப் பின்னொருவர் மீண்டும் பெற வேண்டுமானால், அது பெறப்பட்ட அதே சூழல் அவருக்கு வேண்டும்; சூழலை உயர்த்துவது அந்தச் சான்றை அழிப்பதாகும் என்கிறார்கள். சரிதான். ஆனால் பாதுகாக்கப்பட்ட பழைய சூழல் வேறு, மறந்துபோன பழைய சூழல் வேறு. முன்னதை டாக்கர் பெட்டகத்திலோ மெய்நிகர் கணினியிலோ வலையிணைப்பின்றி, பதிப்பெண் குறித்து, நிரலோடும் தரவோடும் சேர்த்து வைக்கலாம், வைக்கவும் வேண்டும். இந்தியத் துறைகளில் காணப்படுவதோ பின்னது: படிக்கட்டுக்கடியில் தூசு படிந்து, எப்போது அணையுமென்று தெரியாமல், எல்லோருக்கும் திறந்த வலையில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டி. அதை மீளாய்வுக்கான ஏற்பாடு என்று சொல்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வது.

இரண்டையும் ஒரே மடிக்கணினியில் வைத்துக்கொள்வதற்குப் பெரிய திறமை வேண்டியதில்லை. பழைய எக்ஸாம்ப் தொகுப்பை அழிக்காமல் அப்படியே விட்டுவிட்டு, புதியதை வேறு கோப்புறையில் நிறுவலாம். அப்பாச்சி ஒன்று 80ஆம் வாயிலிலும் மற்றது 8080இலும் கேட்கட்டும். தரவுத்தள வழங்கிக்கும் அவ்வாறே வேறு வாயில் தர வேண்டும். தரவுக் கோப்புறையை அப்படியே படியெடுத்து ஒட்டுவதுதான் பலரும் செய்யும் பிழை; உரைவடிவ ஏற்றுமதியாக எடுத்துப் புதியதில் இறக்குவதே பாதுகாப்பானது. கட்டளைத் திரையில் பதிப்பைக் கேட்டால் ஒன்று வரும், உலாவிப் பக்கத்தில் கேட்டால் வேறொன்று வரும். இரண்டும் ஒன்றாக இருப்பதை உறுதிசெய்யாமல் எந்த ஒப்பீட்டையும் தொடங்கக் கூடாது. பிறகு எச்சரிக்கைகள் அனைத்தையும் காட்டும்படி வைத்து, ஒரே தரவை இரண்டிலும் ஓட்டி, அட்டவணைகளைக் கோப்பாக எடுத்து வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். நடுத்தர அளவுள்ள ஒரு தளத்துக்கு இது சில வார வேலை. அந்தச் சில வாரம் யாருடையது என்பதில்தான் எல்லாம் சிக்கிக்கொள்கிறது.

நல்கை தரும் அமைப்புகளின் திட்ட முன்மொழிவுப் படிவங்களில் கணினி வாங்க இடமுண்டு, களப்பணிக்கு இடமுண்டு, கருத்தரங்குக்கும் இடமுண்டு. தளத்தை உருவாக்குவதற்குத் தொகை கேட்டால் எவரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். திட்டம் முடிந்து ஐந்தாண்டுக்குப் பின் அதைப் புதிய பதிப்புக்கு மாற்ற ஆகும் உழைப்புக்குத் தலைப்பே இல்லை. ஆகவே அது ஆய்வு மாணவரின் இரவுகளிலிருந்து எடுக்கப்படுகிறது. அவருடைய முன்னேற்ற அறிக்கையில் அதைக் குறிப்பிட இடமில்லை; குறிப்பிட்டாலும் 'உம்முடைய ஆய்வுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?' என்று ஆய்வுக் குழுவில் கேட்பார்கள். ஊதியமும் மதிப்பும் நேரமும் இல்லாத வேலையை, எச்சரிக்கைகளை மறைக்கும் ஒற்றை வரியால் முடித்துவிட்டு அவர் தம் அதிகாரத்தை எழுதப் போனால், அவரைக் குறை சொல்ல யாருக்கு உரிமை?

ஆய்வேடுகளின் முறையியல் அதிகாரத்தில் எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளின் பதிப்பெண் தவறாமல் இடம்பெறுகிறது. எடுத்த படங்களுக்கு ஒளிப்படக் கருவியின் பெயரைக்கூடக் குறிப்பார்கள். அந்த எஸ்பிஎஸ்எஸ் கோப்புக்குள் எண்களைப் போட்டுக்கொடுத்த பிஎச்பி நிரலின் பதிப்போ, அது ஓடிய அமைப்போ எங்கும் இராது. வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் அதைக் கேட்பதும் இல்லை. கேட்கத் தொடங்கினால் இரண்டே ஆண்டில் நிலைமை மாறும். இதற்கு ஆணையம் ஏதும் வேண்டியதில்லை. நிரலையும் பதிப்பெண்ணையும் பின்னிணைப்பில் கொடுக்க வைப்பது நெறியாளரின் ஒரு சொல்லில் ஆகிற காரியம்.

பெரிய தயக்கம் உண்மையில் தொழில்நுட்பத்தைப் பற்றியதன்று. 190 என்று அச்சான எண் 135 ஆகவும் 120 ஆகவும் மாறி நிற்கும்போது அதை யாரிடம் சொல்வது என்பதே அது. கட்டுரையில் நெறியாளரின் பெயரும் இருக்கிறது. அதை மேற்கோள் காட்டி வேறு கட்டுரைகளும் வந்திருக்கலாம். பதவி உயர்வுக்கான மதிப்பெண் பட்டியலில் அது ஏறிவிட்டது. இதழுக்குத் திருத்தக் குறிப்பு அனுப்புவதை இங்கே குற்ற ஒப்புதல் போலப் பார்க்கிறார்கள். ஒப்புக்கொள்பவரே மாட்டிக்கொள்வார் என்ற அச்சம் மாணவர்களிடம் ஆழமாக இருக்கிறது. அந்த அச்சம் இருக்கும்வரை எச்சரிக்கைகளை மறைக்கும் வரி நிரலின் தலையில் நிலைத்திருக்கும்.

விடுதி அறையில் இரண்டு அட்டவணைகளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்ட மாணவர் ஒருவர், மறுநாள் காலை மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு நெறியாளரின் அறைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'தளம் ஓடுகிறதல்லவா, பிறகென்ன?' என்று கேட்டு நெறியாளர் அவரைத் திருப்பி அனுப்பிவிட முடியும். அல்லது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, கட்டம் காலியாக இருந்த 30 வீடுகளுக்கும், 'தெரியாது' என்றிருந்த 25க்கும், கேட்கப்படாத 15க்குமான மூலப் படிவங்கள் எந்த அலமாரியில் கட்டி வைக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்க முடியும். எலி கடிக்காமல் அவை இன்னும் இருந்தால், எழுபது தாள்களைப் பிரித்துப் பார்க்க ஒரு பிற்பகல் போதும்.